மொட்டை மாடி நாற்றும் மூன்று வருஷத் தரிசும்

தாசில்தார் புடவைத் தலைப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வரப்பில் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். தாசில்தார், எங்கள் கிராமத்து வி.ஏ.ஓ., பக்கத்தில் மனை போடுகிற கம்பெனியின் மேனேஜர், என்னோடு சேர்ந்து பயிர் வைக்கும் முனியம்மா, நான். எதிரே என் வயல் கன்னங்கரேல் என்று கிடந்தது. பச்சையாக ஒரு இலை கிடையாது. கணுக்கால் அளவு தண்ணீர், அதன் மேல் நுரை, அதிலிருந்து ஒரு நாற்றம். அழுகல் நாற்றம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

"பாருங்க மேடம்," என்றார் மேனேஜர். "இதப் போய் வயல்னு சொல்றாங்க. டிரெயினேஜ் தண்ணி தேங்கிக் கெடக்கு. மூணு வருஷமா இப்படித்தான். ரெக்கார்டுலயும் தரிசுன்னுதான் இருக்கு."

ரெக்கார்டில் அப்படித்தான் இருந்தது. அந்த விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கிரேஸ். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தேன். வீடு இரும்புலியூரில். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். அந்த வாயால் வந்த வினையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நகைக்குப் பதிலாக வந்த நிலம்

நிலம் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. தாம்பரத்துக்கு மேற்கே, வரப்பில் நின்றால் திருநீர்மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே யாராவது அங்கே 'ரயில்வே ஸ்டேஷனுக்கு ஐந்தே நிமிஷம்' என்று போர்டு நட்டுவிடுவார்கள்.

என் கல்யாணத்துக்கு அப்பா நகை போடாமல் இந்த நிலத்தை என் பெயருக்கு எழுதிவைத்தார். அப்பா போஸ்ட் மாஸ்டர். அவருக்கும் விவசாயத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. யாரோ அவசரத்துக்கு விற்றதை வாங்கிப்போட்டிருந்தார். "தங்கம் தேயும், மண்ணு தேயாது" என்று சர்ச் வாசலில் நின்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

எனக்கோ அழுகை. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆரமும் நெக்லஸுமாக போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் பட்டாவை எங்கே மாட்டிக்கொள்வது? கழுத்திலா? அப்பாவோடு இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் நிலத்தையே மறந்துவிட்டேன். குத்தகைக்கு விட்டிருந்தோம். பொங்கல் சமயத்தில் அரிசி மூட்டை வரும். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த உறவு.

நான் ரிட்டயர் ஆன வருஷம் குத்தகைக்காரர் வந்து, "இனிமே முடியாது டீச்சர், மண்ணு செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல் தடவையாக நானே நேரில் போய்ப் பார்த்தேன். மண்வெட்டியைப் போட்டால் டங் என்று சத்தம் கேட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சிமென்ட் தரையில் நிற்பது மாதிரி மேலேயே நின்றது. வருஷக்கணக்கில் யூரியாவைக் கொட்டிக் கொட்டி அந்த மண்ணை அப்படி ஆக்கிவைத்திருந்தார்கள். சுற்றிலும் மஞ்சள் அடித்த மனைக்கற்கள்.

விற்றுவிடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரரும் சொன்னார். நான் விற்காததற்குப் பெரிய கொள்கை எதுவும் காரணம் இல்லை. மனை வாங்கி விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்றார். அந்த 'இந்த வயசுல'தான் என்னை விவசாயி ஆக்கியது.

கடைமடை முனியம்மா

ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால் வருகிறது. வழியில் இருந்த வயல்கள் எல்லாம் மனைகளாகிவிட்டன. வாய்க்கால் மட்டும் மனைகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்து என் வயலுக்கு வருகிறது. என் வயலைத் தாண்டி முனியம்மாவின் அறுபது சென்ட்டில் போய் முடிகிறது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அவளுடையது.

முனியம்மா என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். காலையில் வயல், பகலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை, சாயங்காலம் மறுபடியும் வயல். என்னை 'டீச்சர்' என்பாள், அதே மூச்சில் 'நீ' என்பாள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. டிராக்டர், விதை, வெளி அலைச்சல் எல்லாம் என் பொறுப்பு; வயலில் செய்கிற வேலை அவள் பொறுப்பு; விளைவதில் ஆளுக்குப் பாதி. அவளுடைய அறுபது சென்ட் விளைச்சல் முழுக்க அவளுக்கு.

செத்த மண்ணை எப்படிப் பிழைக்கவைப்பது என்று தெரிந்துகொள்ள நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனேன். மூன்று நாள். ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். நெல் வைப்பதற்கு முன்னால் தக்கைப்பூண்டை விதைத்து, இடுப்புக்கு மேலே வளரவிட்டு, பூ எடுக்கும் சமயத்தில் அப்படியே மண்ணோடு மடக்கி உழுதுவிட வேண்டும். அது அழுகி உரமாகும். வைக்கோலை எரிக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு போகம் நெல் போதும், மிச்ச நாளில் மண்ணை மூடிவைக்க வேண்டும்.

பெருமையாக முனியம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "இதுக்கா மூணு நாளு படிச்சிட்டு வந்த? எங்க நைனா கொழிஞ்சித் தழயும் எருக்கந் தழயும் வெட்டியாந்து போட்டு மெறிப்பாரு. என்னியக் கேட்டிருந்தா ஒரு டீத்தண்ணியோட முடிஞ்சிருக்கும்."

முதல் வருஷம் விளைச்சல் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இரண்டாம் வருஷம் பரவாயில்லை. மூன்றாம் வருஷம் ஒரு மழைக்குப் பிறகு வரப்பில் நின்று பார்த்தேன். தண்ணீர் நிற்காமல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. முனியம்மா ஒரு கை மண்ணை எடுத்துக் காட்டினாள். உள்ளே மண்புழு நெளிந்தது. புழுவைப் பார்த்து ஒரு மனுஷிக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"ரெஸ்ட்ல இருக்கு சார்"

இங்கேதான் என் வாய் வருகிறது.

வி.ஏ.ஓ.விடம் அடங்கல் என்று ஒரு பதிவேடு உண்டு. எந்த நிலத்தில் என்ன பயிர் நிற்கிறது என்று அவர் நேரில் பார்த்து அதில் எழுத வேண்டும். பயிர் இல்லையென்றால் 'தரிசு' என்று எழுதுவார். நிலத்தைப் பற்றி அரசாங்கம் நம்புவது இதைத்தான். நாம் சொல்வதை அல்ல.

முதல் வருஷம் ஒரு ஆடி மாதத்து வெயிலில் நான் ரோட்டோரம் நின்றிருந்தேன். தக்கைப்பூண்டு நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வி.ஏ.ஓ. பைக்கில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "என்ன டீச்சர், நெலத்த அப்படியே விட்டுட்டீங்களா? பொதர் மண்டிக் கெடக்கு?" என்றார்.

அன்று காலையிலிருந்து அதே கேள்வியைக் கேட்ட நாலாவது ஆள் அவர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆமா சார். இத்தன வருஷமா உழைச்சிருக்கில்ல? என்னைப் போலவே ரிட்டயர் ஆகி ரெஸ்ட்ல இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இதை ஒரு வெற்றிச் செய்தியாகச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைல் என்றால் என்ன என்று தெரிந்தவர். "கவர்மென்ட் ஆளுகிட்ட எதுக்கு கிரேஸ் இந்தக் கிண்டல்?" என்றார். உங்களுக்கு ரசனையே இல்லை என்று அவரையும் இரண்டு வார்த்தை சொன்னேன்.

வி.ஏ.ஓ. நேராகப் போய்த் 'தரிசு' என்று எழுதியிருக்கிறார். அடுத்த இரண்டு வருஷமும் முந்தின வருஷத்தைப் பார்த்து அதையே எழுதியிருக்கிறார். நாங்கள் அறுத்து, அடித்து, அரைத்து, பொங்கித் தின்றுகொண்டிருந்த நெல் அரசாங்கத்துக்குத் தெரியவே தெரியாது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுத்தவள் நான். என் நிலத்துக்கு என்ன பதிவு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

விஷயம் வெளியே வந்தது முனியம்மாவால். ஒரு நாள் காலையில் போன் செய்தாள். "டீச்சர், ரேசன் கட செவுத்துல நோட்டீசு ஒட்டிகீறாங்கோ. நம்ம வாய்க்கா பேரு போட்டுகீது. சீக்கிரம் வந்து படி, எனிக்கு நெஞ்சு அடிச்சிக்கினு கீது."

போய்ப் படித்தேன். வாய்க்காலுக்குக் கீழே மூன்று வருஷமாகச் சாகுபடியே இல்லையாம். அதனால் வாய்க்காலை மூடி மனைப்பிரிவின் ரோட்டோடு சேர்த்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கம்பெனி மனு கொடுத்திருந்தது. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம். முனியம்மாவின் அறுபது சென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வி.ஏ.ஓ. அதையும் என் நிலத்தோடு சேர்த்துத் தரிசு என்று எழுதியிருந்தார்.

இ-சேவை மையத்தில் அடங்கலை பிரின்ட் எடுத்தேன். தரிசு, தரிசு, தரிசு. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஆறாம் வகுப்புப் பையனைத் திட்டுவதுபோல் அவரைத் திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாவம், உண்மையான குழப்பத்தோடு கேட்டார்: "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, ரெஸ்ட்ல இருக்குன்னு?"

அடங்கல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து முனியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "என் கடமடைக்கு இன்னா ஆவும் டீச்சர்?" என்றாள். "தண்ணி நின்னுபோச்சினா வித்துட்டுப் போவ வேண்டியதுதான். எம் பையன் இப்பவே வித்துடு வித்துடுன்னுகினு கீறான்."

வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் நிலம் போனால் எனக்குப் பென்ஷன் இருக்கிறது. அவளுக்கு அந்த அறுபது சென்ட்தான் இருந்தது.

மாடியில் ஒரு வயல்

ஆட்சேப மனு எழுதிக் கொடுத்தோம். தாசில்தார் ஒரு வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். நான் திட்டம் போட்டேன். இரண்டு பேர் நிலத்திலும் தக்கைப்பூண்டை மடக்கி உழுது பத்து நாள் அழுகவிட வேண்டும். புதன்கிழமை நடவு. வியாழக்கிழமை தாசில்தார் வரும்போது வயல் பச்சைப்பசேல் என்று இருக்கும். கணக்கு டீச்சரின் திட்டம், வழுவே இருக்காது.

நாற்று எங்கே என்று கேட்பீர்கள். அது என் வீட்டு மொட்டை மாடியில் இருந்தது.

சிரிக்காதீர்கள். வயலிலேயே நாற்று விட்டால் மனைகளின் குப்பைக்கு வருகிற பன்றிகள் ராத்திரியோடு ராத்திரியாக உழுது தள்ளிவிடுகின்றன. ஒரு வருஷம் பட்டுவிட்டோம். பாய் நாற்றங்கால் என்று ஒரு முறை உண்டு. பிளாஸ்டிக் விரிப்பின் மேல் விரல் கனத்துக்கு மண்ணும் எருவும் பரப்பி விதைத்தால், இரண்டு வாரத்தில் வேர் பின்னிக்கொண்டு பாய் மாதிரி சுருட்டி எடுக்கலாம். இதற்கு வயல் எதற்கு? மாடி போதாதா?

எங்கள் வீட்டுக்காரர் இதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். "தளம் ஒழுகும்" என்பார். "வெயிட் தாங்காது" என்பார். எதிர் வீட்டுக்காரர், "என்ன சார், மாடில புல்லு போட்டிருக்கீங்க, கிரிக்கெட்டா?" என்று கேட்டதிலிருந்து அவருக்கு இன்னும் கோபம். ஆனால் காலையும் மாலையும் பூவாளியில் தண்ணீர் தெளித்தது அவர்தான். காக்கை கொத்தாமல் இருக்கப் பழைய சி.டி.க்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதும் அவர்தான். முனகிக்கொண்டே எல்லாவற்றையும் செய்வது அவர் சுபாவம்.

செவ்வாய்க்கிழமை காலை வயலுக்குத் தண்ணீர் கட்டி, சேற்றைச் சமப்படுத்தப் பரம்படித்துக்கொண்டிருந்தோம். வி.ஏ.ஓ. போன் செய்தார். "டீச்சர், மேடத்துக்கு வியாழக்கிழமை வேற மீட்டிங்காம். இன்னிக்கே கிளம்பிட்டாங்க. பத்து நிமிஷத்துல அங்க இருப்பாங்க."

அழுகிய தக்கைப்பூண்டின் நாற்றம் உச்சத்தில் இருந்த நாள் அது. வயலில் ஒரு பயிர் இல்லை. நாற்று முழுக்க இரும்புலியூரில்.

மூக்கைப் பொத்திய தாசில்தார்

"டிரெயினேஜ் தண்ணி" என்று மேனேஜர் சொல்லி முடித்ததும் எனக்கு வாய் துறுதுறுத்தது. நாலு வார்த்தை தயாராக வந்து நின்றது. அதற்குள் முனியம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். விழுங்கிக்கொண்டேன். கசந்தது.

முனியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். குனிந்து சேற்றுக்குள் கையை விட்டு ஒரு பிடியை அள்ளிக்கொண்டு வந்து தாசில்தார் முகத்துக்கு நேரே நீட்டினாள். பாதி அழுகிய தண்டுகள், வேரில் குண்டுமணி போல முடிச்சுகள்.

"சாக்கடையில இது கீதா மேடம்? நல்லாப் பாருங்க. இது தக்கப்பூண்டு. நாங்க வெதச்சி, வளத்து, மண்ணோட மடக்குனது. இந்த நாத்தம் நெல்லுக்குச் சோறு மேடம்."

தாசில்தார் பின்வாங்கவில்லை. அந்தத் தண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குள் மேனேஜர், "செடி தானா முளைச்சிருக்கும் மேடம். தரிசுல பொதர் மண்டாதா? நேத்து டிராக்டர் விட்டு அழிச்சிருப்பாங்க" என்றார்.

நியாயமான சந்தேகம். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "நடவுக்குத்தான் தயார் பண்றீங்கன்னா நாத்து எங்கம்மா?"

"இரும்புலியூர்ல மேடம். எங்க வீட்டு மொட்டை மாடியில."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். வி.ஏ.ஓ.வும் சிரித்துவிட்டு உடனே இருமினார். தாசில்தார் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொல்கிறவள் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ.

"நான் ஏரி மதகு வரைக்கும் வாய்க்காலை நடந்து பாக்கணும். ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள காட்டுங்க" என்றார்.

நான் வீட்டுக்குப் போன் போட்டேன். "என்னங்க, நாத்தை எடுத்துட்டு வாங்க."

"நாளைக்குத்தானே?"

"இப்ப."

"எவ்வளவு?"

"எல்லாம்."

"கிரேஸ், மாடியிலேருந்து நான் ஒருத்தனா எப்படி..."

"என்னங்க," என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பாதியில் நிறுத்தி அவர் கேட்டதே இல்லை. "வர்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் எழுத விரும்பவில்லை. வரப்பில் உட்கார்ந்து ஜெபம் செய்தேன். வாசகம் எதுவும் வரவில்லை. 'கர்த்தாவே, ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக் இருக்கக் கூடாது' என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. முனியம்மா அவளுடைய அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. தாசில்தார் நடந்து முடித்து ஜீப்புக்கு வந்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் அவருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். அவர் வாங்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

அப்போது முனியம்மா கத்தினாள். "டீச்சர்! வாய்க்கா மேல! வாய்க்கா மேல பாரு!"

வாய்க்கால் கரையில் எங்கள் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். எப்போதும் அணிகிற வெள்ளைச் சட்டை. தலையில் சுருட்டிய நாற்றுப் பாய். அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் சட்டை முழுக்க வழிந்துகொண்டிருந்தது. பின்னால் கீழ் வீட்டில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆளுக்கொரு பாயோடு வந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், அன்றுவரை எங்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்த எதிர் வீட்டுக்காரர்.

குட்டியானை வண்டியில்தான் வந்திருக்கிறார்கள். மனைப்பிரிவு வாசலில் இருந்த செக்யூரிட்டி கேட்டைப் பூட்டிக்கொண்டு விடவில்லை. சத்தமாகப் பேசவே தெரியாத என் புருஷன் கேட்டோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல், பாயை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் இறங்கி நடந்துவிட்டார். நானாக இருந்தால் அந்தக் கேட்டிலேயே நின்று கத்திக்கொண்டு இருந்திருப்பேன்.

தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"ஏன் சார் தலையில தூக்கிட்டு வர்றீங்க?"

"கேட்டைத் தொறக்கலைங்க மேடம்," என்றார் இவர், மூச்சு வாங்கியபடி. புகார் மாதிரிகூடச் சொல்லவில்லை. "வண்டியில இன்னும் நிறைய இருக்கு."

தாசில்தார் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். அவர் அவசரமாகப் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

பாயை வரப்பில் விரித்தோம். இரண்டு வாரத்து ஆற்காடு கிச்சிலி சம்பா நாற்று, விரல் நீளத்துக்குப் பச்சையாக எழுந்து நின்றது. முனியம்மா ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வயலில் இறங்கினாள். ஒவ்வொரு நாற்றாகப் பிரித்து, சாண் இடைவெளி விட்டு, கட்டைவிரலால் சேற்றில் அழுத்தினாள். நானும் இறங்கினேன். கீழ் வீட்டுக்காரியும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். கரிய சேற்றில் மூன்று வரிசை பச்சை எழுந்தது.

தாசில்தார் வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டார். "எழுதுங்க. பயிர் நெல்."

"ஆபீஸுக்குப் போய் மேடம்..."

"இங்கேயே. அந்தம்மா நிலத்தையும் நடந்து பாத்து எழுதுங்க. வண்டியில உக்காந்துகிட்டு இல்ல."

வி.ஏ.ஓ. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு முனியம்மாவின் அறுபது சென்ட் வரைக்கும் சேற்றில் நடந்தார். திரும்பி வந்தபோது நான் அவரிடம் போய், "தப்பு என் மேலயும் இருக்கு சார். உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவர் காலிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டே, "நானும் எறங்கிப் பாத்திருக்கணும் டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வந்தால் அவர் பைக்கை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்துதான் வருகிறார்.

புதன்கிழமைக்குச் சொல்லிவைத்திருந்த நடவு ஆட்களை முனியம்மா அன்றைக்கே கூட்டி வர, இருட்டுவதற்குள் முக்கால்வாசி நட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவாமல் கூடத்துத் தரையிலேயே படுத்துத் தூங்கிப்போனேன். வாரக்கணக்காகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

உத்தரவு

ஆனாலும் உத்தரவு கையில் வரும்வரை நிம்மதி இல்லை. பயிர் கிளைவிட்டுத் தூர் கட்டியது. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் ஜே.சி.பி. சத்தம் கேட்கும்போதும் முனியம்மா களை எடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். முனியம்மா அவளுடைய கடைமடையில், மடைவாயில் அடைத்திருந்த குப்பையை மண்வெட்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த உறையைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

பிரித்துச் சத்தமாகப் படித்தேன். 'பார்வையில் காணும் மனுவின்பேரில்' என்று ஆரம்பித்து, 'மேற்படி புலத்தினை நேரில் தணிக்கை செய்ததில்' என்று போய், 'மேற்படி வாய்க்காலின்கீழ் சாகுபடி நடைபெற்று வருவது தெரியவருவதால்' என்று நீண்டு, அரசாங்க வாக்கியம் முற்றுப்புள்ளியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மூச்சு விடாமல் படித்தேன்.

முனியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அதெல்லாம் இன்னாவோ இருக்கட்டும் டீச்சர். ஒரே வார்த்தயில சொல்லு. தண்ணி வருமா, வராதா?"

"வரும்."

அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, குனிந்து மடையைத் திறந்தாள்.